பலர் பாடும் ‘நான்’

ராப் இசை தன்பெயர் சொல்லும் கலையாகும். பாடுபவர் தம் தெருவையும் தாம் சூடிக்கொண்ட பட்டப்பெயரையும் தாம் பட்ட இழிவையும் தாமே எடுத்துரைத்து, தம் குரலை வேறெவர் குரலாகவும் எவரும் எண்ணிவிடாதபடி அதில் முத்திரை பதிக்கிறார். இத்தகைய கலைஞர் பலரின் தனித்தனிப் பாடல்களைப் பெருநிறுவனங்களைச் சாராமல் இயங்கும் சிறிய வெளியீட்டகம் ஒன்று ஒரே தொகுப்பாக வெளியிடும்போது, சமய மெய்யியல் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினா ஒன்று புதிய கோலத்தில் எழுகிறது. பலருடைய ‘நான்’ ஓரிடத்தில் கூடினால் அவை கரைந்து ஒன்றாகின்றனவா, அல்லது கரையாமலேயே ஒன்றாக முடியுமா?

1997-இல் நியூயார்க்கின் ராக்கஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘சவுண்ட்பாம்பிங்’ இவ்வகைத் தொகுப்புகளுள் பெயர்பெற்றது. பல கலைஞர்களின் பாடல்களை டிஜே ஈவில் டீ அதில் ஒரே ஓட்டமாகக் கோத்தார். தமிழில் இதற்கு மிக அருகில் நிற்பது, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறை மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து உருவாக்கிய அக்குழுவில், கானா பாடுவோரும் ராப் பாடுவோரும் கருவியிசைஞருமாக 19 பேர், தத்தம் பாணியை விட்டுக்கொடுக்காமல் ஒரே மேடையில் நின்றனர்.

அக்குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பிறந்தது. அவரோ 1898-இல் பௌத்தம் தழுவி, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். பௌத்தம் நிலையான ஆன்மா என ஒன்றை ஏற்பதில்லை. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டத்தையே மக்கள் ‘நான்’ என்று வழங்குகின்றனர் என்பது அதன் கொள்கை. அந்நோக்கில் ஒவ்வொரு மனிதரும் ஏற்கெனவே ஒரு தொகுப்புதான். இங்கே ஒரு முரண் தோன்றுவது இயல்பு. ‘நான்’ என்பதே இல்லையென்னும் நெறியைத் தழுவியவரின் வழிவந்தோர் ‘நான்’ என்று உரக்கப் பாடுவது எங்ஙனம் பொருந்தும்? பிறர் தம்மீது சுமத்திய ‘நீ இன்னான்’ என்னும் அடையாளத்தைக் கழற்றாமல் எவரும் தம் ‘நானை’க் கடக்க இயலாது, ஆகவே அந்த உரத்த குரல் பற்றறுக்கும் பயணத்தின் முதல் அடியே என்று கொள்வது தகும்.

கரையாமலேயே ஒன்றாக முடியுமா என்னும் முதல் வினாவுக்கு இன்னும் செறிவான விடை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவலூரில் கிடைக்கிறது. மழை பெய்யும் இரவொன்றில் பொய்கையாழ்வார் அவ்வூரின் இடைகழியில், அதாவது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடைப்பட்ட குறுகிய நடையில், ஒதுங்கியதாக வைணவ மரபு கூறும். ஒருவர் படுக்கப் போதுமான அவ்விடத்தில் பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வாரும் வந்தபின் மூவரும் எழுந்து நின்றனர். அப்போது காணப்படாத நான்காமவராக இறைவனே அவர்களை நெருக்கினார். அந்த நெருக்கத்திலிருந்து பிறந்தவையாகவே மூன்று திருவந்தாதிகளும், ஒவ்வொன்றும் நூறு பாடல்களாக, போற்றப்படுகின்றன. முதலாமவர் புறவுலகை விளக்காக்கினார்; இரண்டாமவர் தம் அன்பை விளக்காக்கினார்; மூன்றாமவர் அந்த ஒளியில் தாம் கண்டதைச் சொன்னார். அந்தாதி என்பது ஒரு பாடலின் முடிவை அடுத்த பாடலின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும் யாப்பு. ராப் கலைஞர்கள் வட்டமாக நின்று, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடரும் ‘சைஃபர்’ என்னும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. எனினும் இங்கு உற்றுநோக்க வேண்டியது யாப்பை அன்று, அந்த நெருக்கத்தையே. மூவரும் ஒருவராகிவிடவில்லை, ஒருவர் குரலில் மற்றவர் குரல் மறையவுமில்லை, நான்காமவர் மூவருள் எவரையும் வெளியேற்றவுமில்லை. தனியே கிடந்தவருக்குத் தெரியாத ஒன்று, இடம் போதாமல் நின்றவர்களுக்குத் தெரிந்தது.

பெண்ணையாற்றின் போக்கில் கிழக்கே உள்ள திருவெண்ணெய்நல்லூரில், 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார் இதற்குத் தத்துவ வடிவம் தந்தார் எனலாம். உயிர் இறைவனோடு கூடும்போது பொருளால் ஒன்றாகிவிடுவதுமில்லை, பிரிந்து இரண்டாக நிற்பதுமில்லை. கண்ணொளி ஞாயிற்றொளியோடு கலந்து காண்பதுபோல், தன்னை இழக்காமலேயே பிரிவின்றி நிற்கும் என்பது சைவ சித்தாந்தத்தின் முடிபு. அச்சித்தாந்தம் ஆணவத்தை விளக்கும் முறை இன்னும் கூர்மையானது. ஆணவம் என்றதும் செருக்கு என்றே பலரும் கொள்வர். சித்தாந்தமோ அதனை, எங்கும் பரந்து நிற்கவல்ல உயிரை அணுவளவாகச் சுருக்கி மறைக்கும் இருளாகக் காண்கிறது. திருக்கோவலூர் வீரட்டானம் எட்டு வீரட்டங்களுள் ஒன்றாக, இருளின் வடிவான அந்தகாசுரன் வீழ்ந்த தலமாக விளங்குவதும் இதனோடு ஒத்துப்போகிறது. சுருக்குவதே ஆணவத்தின் தொழிலென்றால், தலைமுறை தலைமுறையாகச் சுருக்கப்பட்ட ஒருவர் மேடையேறித் தம் பெயரைச் சொல்வதை ஆணவமென்று இகழ்வது தத்துவப் பிழை. அவர் அந்தச் சுருக்கத்தையே எதிர்த்து நிற்கிறார்.

தம் பெயரைப் பாட்டுள் பதிக்கும் வழக்கம் பக்திக்குப் புதியதும் அன்று. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாடலில், திருக்கடைக்காப்பு எனப்படும் முத்திரைப் பாட்டில், தம்மைப் பெயர் சுட்டிக்கொள்கிறார். அதனால் அவர் அடியார் கூட்டத்திலிருந்து விலகிவிடவில்லை. பழந்தமிழ்த் தொகைநூல்களும் இவ்வகையில் பரிவுடையவை. பெயர் தெரியாத புலவரைப் பெயரின்றி விட்டுவிட மனமின்றி, அவர் பாட்டின் தொடரையே பெயராக்கித் தேய்புரிப்பழங்கயிற்றினார் என்றும் ஓரேருழவனார் என்றும் வழங்கிய மரபு, தொகுப்பவரின் கடமை யாது என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

அக்கடமையின் கடுமை அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் விளங்கும். காஞ்சியிலிருந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறிய உடன்பிறந்தாரின் வழிவந்தவர்களாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர், 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் ஊதியமற்ற உழைப்பைச் செலுத்தியவர்கள். அவர்களுடைய பாட்டு பெரும்பாலும் கூட்டத்தின் பாட்டு. அதில் ஒருவரும் முத்திரை பதிப்பதில்லை. அங்கே பெயரின்மை வறுமையன்று, அது உறவின் நிலை. அதனைத் தன்னிழப்பு என்று கருதிப் பெயரைத் திணிப்பதும் ஒருவகை வன்முறையே. ஆயினும் அப்பாட்டு ஒலிப்பதிவாகி மலையைவிட்டு இறங்கும் நாளில், அந்தப் பெயரின்மையே பாடியவர்களை மறைக்கும் திரையாகிவிடக்கூடும். தொகுத்தவர் பெயர் மட்டும் உறையில் எஞ்சும். எனவே கள்ளக்குறிச்சியிலிருந்து நாளை ஒரு தொகுப்பு வெளிவருமானால், நகரத்து ராப் கலைஞருக்குக் கிடைக்கும் பெயரும் பங்குத்தொகையும், எந்த ஊரார் எந்தக் கொண்டாட்டத்தில் பாடினரோ அந்த ஊராருக்கும் கிடைத்தாக வேண்டும்; தம் பெயர்களைத் தனித்தனியே பொறிப்பதா, ஊர்ப்பெயரால் நிற்பதா என்பதைத் தொகுப்பவர் அல்லாமல் பாடியவர்களே முடிவு செய்ய வேண்டும்.