மருந்தும் கைத்தாங்கலும்

குடுமியான்மலைக் கோயில் மண்டபத் தூண்களிலே சிற்பி செதுக்கிய உருவங்களைக் காணுந்தோறும் வியக்கிறோம். திரண்ட தோள்! முறுக்கேறிய தொடை! நூற்றாண்டுகள் அசையாது நின்றும் அவை தேயவில்லை; அவை கல். நம் உடலோ கல்லன்று. இயக்கினால் வளரும், கிடத்தினால் கரையும்.

எவ்வளவு விரைவில் கரையும்? 2007இல் வெளிவந்த ஆய்வொன்றில், உடல்நலமுள்ள முதியோர் பத்தே நாட்கள் படுக்கையில் கிடந்தனர். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைப்பற்றை இழந்தனர்! நோயில்லை, காயமில்லை, அசைவின்மை ஒன்றே அதைத் தின்றது.

"எல்லாம் விதி" என்பர் வைதிகர். ஆண்டுக்கணக்கில் கையைத் தூக்கியே வைத்துச் சூம்பவிட்டால், அதனைத் "தவம்" என்று போற்றுவர். சூம்பிய கைக்குச் சூடம் காட்டும் நாட்டிலே, அறிவு வேறு வினா எழுப்புகிறது: ஏன் சூம்புகிறது? தடுக்க இயலுமா?

தசை வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் மயோஸ்டாட்டின் என்னும் புரதம் 1997இல் அறியப்பட்டது. 2019 டிசம்பரில் 40 சுண்டெலிகள் விண்வெளி நிலையத்துக்குச் சென்றன. எடையற்ற அவ்விடத்தில் மருந்து பெறாத சாதாரண எலிகளின் தசை தேய்ந்தது. அப்புரதத்தை அடக்கும் மருந்து பெற்றவற்றின் தசையோ பெருகியது! 2025இல் சுபான்ஷு சுக்லா அந்நிலையத்தில் தங்கியபோது, தசை மீள வளர்வது பற்றிய இந்திய ஆய்வும் நடைபெற்றது.

"இயற்கைக்கு மாறான மருந்து அறமாகுமா?" என்று கேட்போர் உளர். அம்மைக்கு ஊசி போட்டதும் இயற்கைக்கு மாறே! இழந்ததை மீட்பது அறமே. ஆயினும் மருந்தால் மட்டும் மீளுமா?

இடுப்பெலும்பு முறிந்த முதியோர்க்கு இத்தகைய மருந்தொன்று தரப்பட்டது. 2021இல் முடிவு வெளியாயிற்று: தசை கூடியது; நடக்கும் திறன் கூடவில்லை! மருந்து சதையைத் தரலாம். நடையைப் பெற நடந்தாக வேண்டும். நடத்த ஒரு கை வேண்டும்.

காலமெல்லாம் நாற்று நட்டவள், வரப்பில் வழுக்கி இடுப்பொடிந்து திண்ணையில் கிடக்கிறாள். மகன் கூலிக்குப் போகாவிடில் உலை கொதிக்காது. அவளைத் தூக்கி நிறுத்த யார் உளர்? அவள் காலைத் தின்பது விதியா? அன்று, அன்று! வறுமை, ஆளின்மை. இதனை உணர்ந்தே 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைப் பயிற்சியை வீட்டு வாயிலுக்கே கொண்டுசென்றது.

தோழர்களே! மருந்து வரட்டும், வரவேற்போம். விண்ணில் மிதப்பவனுக்குக் கிடைப்பது திண்ணையில் கிடப்பவளுக்கும் கிடைக்க வேண்டும் எனப் போராடுவோம். அதுவரை மருத்துவர் சொற்படி, நாளும் நான்கு அடி அவளைத் தாங்கி நடத்துவோம். பயன்படாத தசை தேயும். பயன்படாத பரிவும் தேயும்!