குற்றம் யார் மேல்?

காவல் நிலையத்தில் ஒரு மனிதர் அடிபட்டுச் செத்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? லத்தி பிடித்தவரையா, அடிக்கச் சொன்னவரையா, அடித்தால்தான் வேலை நடக்கும் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கும் அரசையா? அறநூல்களுக்குப் பழகிய கேள்விதான் இது. ஆனால் நான்கு பேரைத் தண்டித்து ஒரு விவகாரம் அடங்கிவிடுமா, சட்டத்தையே மாற்றுமா என்பது இதற்குச் சொல்லப்படும் விடையைப் பொறுத்தது. சிலப்பதிகாரத்தின் விடை ஐயத்துக்கு இடமற்றது. பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலாள். பாண்டியன் நெடுஞ்செழியனோ பழியைத் தன் மேல் ஏற்றுக்கொண்டு உயிர்விடுகிறான்.

சென்னை மாகாணத்துச் சித்திரவதை விவகாரத்தில் விடை வேறாக இருந்தது. 1852இல் சென்னை சுதேசி சங்கத்தைத் தொடங்கிய கஜுலு லட்சுமிநரசு செட்டியார், குடியானவர்கள் படும் பாட்டை பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை கொண்டுபோனார். 1853இல் சென்னைக்கு வந்து நேரில் பார்த்த உறுப்பினர் டான்பி சீமோர், அடுத்த ஆண்டு லண்டனில் குரல் எழுப்பினார். அதன் பிறகே சித்திரவதையை விசாரிக்க மூவர் குழு அமைந்தது. 1855இல் அறிக்கை வந்தது. அதற்குள் குழுவிடம் ஏறத்தாழ 2,000 முறையீடுகள் குவிந்திருந்தன. இரண்டு கோல்களுக்கு நடுவே விரலை வைத்து நசுக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைக்கும் அண்ணாந்தாள் என்று ஊரார் அறிந்த வதைகளெல்லாம் அரசாங்கத் தாளில் பதிவாயின.

காரணமும் அந்தத் தாளிலேயே தெரிந்தது. 1816ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி தாசில்தாரே வரி வசூலிப்பவர், அவரே போலீஸ் அதிகாரி. மேலே கலெக்டரே மாஜிஸ்திரேட். கிஸ்தி கட்டாதவனை அடித்த கைதான் திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லியும் அடித்தது. முறையிடப் போனால் போய் நிற்க வேண்டியதும் அதே கச்சேரியில்தான். இவ்வளவையும் கண்ட குழு, பழியை மட்டும் சுதேசிச் சிப்பந்திகள் மேல் இறக்கிவைத்தது. வெள்ளைக்கார அதிகாரிகளை விடுவித்தது. வசூலின் பலனை அனுபவித்த கிழக்கிந்தியக் கம்பெனி, வசூலித்த கையை மட்டும் குற்றவாளியாக்கியது பெரிய அநீதி.

ஆனாலும் ஏற்பாடு மாறியது. 1859இன் 24ஆவது சட்டம் சென்னைப் போலீசை வருவாய்த்துறையிலிருந்து பிரித்துத் தனிப்படையாக்கியது. 1861இன் போலீஸ் சட்டம் அந்த மாதிரியை மற்ற மாகாணங்களுக்கும் கொண்டுபோனது. இதற்கிடையில் 1857 கிளர்ச்சி நடந்திருந்ததால், குடிகளைக் காப்பதைவிட அடக்கி வைப்பதே அந்தப் படையின் முதல் வேலையாயிற்று.

இவற்றினும் ஆழமான மாற்றம் சாட்சியச் சட்டத்தில் வந்தது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், பிறகு 1872இன் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் விதித்தன. வலி தாங்காதவன் அடிப்பவருக்கு வேண்டியதைச் சொல்வான், உண்மையைச் சொல்ல மாட்டான் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்துவைத்தது. கைதி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அவன் பேச்சு செல்லும். கிணற்றடியில் தோண்டி எடுத்த நகை பொய் சொல்லாது என்பது இதன் நியாயம். துன்புறுத்தி வாக்குமூலம் வாங்குவதைத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு குற்றமாக்கியிருந்தது, உண்மைதான். ஆனால் சாட்சியச் சட்டம் வதையை விலக்கியது அது பொய்யைத் தரும் என்பதற்காக. மனிதனுக்குச் செய்யத் தகாதது என்பதற்காக அல்ல. பொருள் கிடைத்துவிட்டால் அடிக்குப் பலனும் கிடைத்துவிடுகிறது. அறத்தைப் பயனைக் கொண்டு மட்டும் அளந்தால் இப்படித்தான் ஆகும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது பழைய கேள்வி திரும்ப எழுந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கு நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லை. கண்காணிப்புக் கேமரா பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதே நிலையத்தில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், அஞ்சியபடியே, இரவெல்லாம் அடித்ததைச் சாட்சியமாகச் சொன்னார். கூடவே வேலை பார்ப்பவர்களுக்குக் காட்டும் விசுவாசத்தைவிட உண்மைக்குக் காட்டும் விசுவாசம் பெரிது என்று ஒருவர் தீர்மானித்ததால் வழக்கு நிமிர்ந்து நின்றது. சான்றுகளைக் காக்க, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறை அதிகாரிகளின் பொறுப்பில் விடச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 1859இல் எந்தத் துறையின் கொடுமையிலிருந்து காப்பாற்றப் போலீஸ் பிரிக்கப்பட்டதோ, அந்தத் துறையையே போலீசுக்குக் காவல் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு துறை நல்லது, இன்னொன்று கெட்டது என்பதல்ல இதன் பொருள். கேட்பாரற்ற அதிகாரம் யார் கையில் போனாலும் ஒன்றுதான்.

அந்த ஆண்டு டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், உத்தரவிட்டது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. 2024 ஜூலையில் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவுக்குள், கண்டெடுத்த பொருளுக்கான அந்த விலக்கும் இடம் பெற்றிருக்கிறது.