முத்திரை மோதிரமும் நம்முடைய ஆதார் நகலும்

(வில்லியனூர் பகுதிப் பள்ளிவாசலில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்நிய நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடினார்கள். முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று நபித்தோழர்கள் எடுத்துச் சொன்னார்கள். உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்து, 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்' என்று அதில் பொறிக்கச் செய்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அத்துடன் ஒரு தடையும் போட்டார்கள்: தம் மோதிரத்தில் பொறித்திருப்பதை வேறு யாரும் தங்கள் மோதிரத்தில் பொறித்துக்கொள்ளக் கூடாது.

ஏன் இந்தத் தடை? அதே எழுத்துள்ள இன்னொரு மோதிரம் இருந்தால், நபியவர்கள் எழுதாத கடிதம் நபியவர்களின் பெயரில் போய்ச் சேரும். கொடுக்காத வாக்கு கொடுத்ததாக ஆகும். பெயரைப் பாதுகாப்பது பெருமைக்காக அல்ல, அமானிதத்துக்காக!

அந்த மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) என்று கைமாறி வந்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அரீஸ் என்ற கிணற்றில் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடினார்கள், கிணற்று நீரை இறைத்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ஒரு சிறிய வெள்ளி மோதிரத்துக்காக ஒரு கலீஃபா மூன்று நாள் கிணற்றடியில் நிற்கிறார் என்றால் அதன் மதிப்பை யோசித்துப் பாருங்கள்.

இன்று நம் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு முத்திரை இருக்கிறது. ஆதார் எண், பான் எண், வங்கியோடு இணைத்த செல்போன் நம்பர், பெருவிரல் ரேகை. இவை சேர்ந்தால் நீங்கள்தான். நீங்கள் வில்லியனூரில் உட்கார்ந்திருக்க, உங்கள் பெயரில் இன்னொருவர் எங்கோ கடன் வாங்க இவை போதும்.

சகோதரர்களே, இதை நான் பேச ஒரு காரணம் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் ஒருவர் மஃரிப் தொழுகைக்குப் பின் தயங்கித் தயங்கி வந்தார். "ஹஜ்ரத், நான் வட்டிக்குப் பயந்து கடனே வாங்காதவன். வீடுகூட ஓட்டு வீடாகவே இருக்கிறது. இப்போது ஏதோ ஆப் மூலம் நான் கடன் வாங்கியதாகச் சொல்லி தினமும் போன் செய்து திட்டுகிறார்கள். நான் இந்த நிலையில் மவுத்தாகிவிட்டால் வட்டிக் கடனாளியாகவா அல்லாஹ்விடம் போவேன்?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் வாங்காத கடன் அல்லாஹ்விடம் உங்கள் கடன் அல்ல. அடுத்தவன் செய்த பாவத்தை உங்கள் ஏட்டில் எழுதுபவன் அல்ல ரப்புல் ஆலமீன். ஆதாரம் காட்டுவது வாதியின் பொறுப்பு, மறுப்பவருக்குச் சத்தியம் என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஆனால் இன்று வாதி கையில் வைத்திருக்கும் ஆதாரமே உங்கள் ஆதார் நகலாக இருந்தால்? மறுமையில் நீங்கள் சுத்தம். துன்யாவின் பதிவேட்டில் அப்படி இல்லை. அந்தப் பதிவேட்டைச் சரிசெய்ய நீங்கள்தான் போய் நிற்க வேண்டும்.

நம் ஊரில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் அறிவிப்புச் செய்கிறோமே, மய்யித்து யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள் என்று. அதன் வேர் எங்கே இருக்கிறது? மூன்று தீனார் கடன் வைத்து, அதை அடைக்க எதுவும் விட்டுச் செல்லாத ஒருவரின் ஜனாஸாவுக்கு நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்றார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பின்புதான் தொழுதார்கள். புகாரியில் இருக்கிறது. கடன் அவ்வளவு பாரமானது. அப்படியானால் பொய்க் கடன் ஒன்று மய்யித்தின் பெயரில் நின்றால், இத்தாவில் இருக்கும் அந்தப் பெண் என்ன செய்வாள்? கணவரின் கப்ரை நினைத்துப் பயந்து, வளையலை விற்றாவது மோசடிக்காரனுக்குக் கட்டிவிடுவாள். நடக்கக்கூடிய விஷயம் இது.

தகவல் எப்படி வெளியே போகிறது? சில நேரம் நம் தவறே இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் டெலிகிராமில் உலவுவதாக 2024 செப்டம்பரில் செய்தி வந்தது. பெயர், முகவரி, போன் நம்பர், அடையாள அட்டை நகல், மருத்துவப் பரிசோதனை முடிவு வரை கிடைத்தன. 3.1 கோடிப் பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. தடை வாங்கலாம், வெளியே போன தகவலைத் திரும்ப வாங்க முடியுமா? அரீஸ் கிணற்றில் விழுந்த மோதிரம் யார் கையிலும் சிக்கவில்லை. இது பலர் கையில் சிக்கிய மோதிரம்.

விரல் ரேகையும் தப்பவில்லை. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் படியெடுத்து, ஆதார் வழியாகப் பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் 2023-ல் கர்நாடகத்தில் வந்தன. நபியவர்கள் தடுத்தார்களே, அதே பொறிப்பை இன்னொருவன் பொறிப்பது. அப்படியே அதுதான்.

அமெரிக்காவில் 2017-ல் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்தே சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் திருடு போனது. அதன் பிறகு அங்கே, தன் பெயரில் யாரும் புதுக் கடன் திறக்க முடியாதபடி கடன் பதிவேட்டைக் கட்டணமின்றிப் பூட்டிக்கொள்ள 2018-ல் சட்டம் வழிசெய்தது. நம் நாட்டில் அப்படியொரு பூட்டு இல்லை. எனவே நமக்கு உள்ள வழி காவல்தான். அடிக்கடி போய்ப் பார்ப்பது.

எதைப் பார்ப்பது? "ஹஜ்ரத், நான் லோனே வாங்குவதில்லை, சிபில் எனக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும்! கடன் வாங்குகிறவன் என்றாவது வங்கியில் தெரிந்துகொள்வான். வாங்காதவனுக்குத் திட்டுகிற போன் வந்த பிறகுதான் தெரியும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாட்டில் நான்கு நிறுவனங்கள் இந்தப் பதிவேட்டை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் கேட்டால் வருடம் முழுக்கக் காவல் இருக்கலாம், ஒரு பைசா செலவில்லை. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே நேராகப் போங்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'இலவச சிபில் ஸ்கோர்' லிங்கைத் தொடாதீர்கள், அதுவே இன்னொரு கசிவாக முடியலாம்.

அறிக்கையில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உங்கள் பெயரில் எத்தனை கடன், யார் யார் விசாரித்திருக்கிறார்கள் என்ற பகுதியைப் பாருங்கள். பெயரே கேள்விப்படாத நிறுவனம் விசாரித்திருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. நீங்கள் வாங்காத கடன் இருந்தால் அந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்ததாகச் சொல்பவரிடமும் எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கூடவே 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் பதியுங்கள். "தொல்லை விட்டால் போதும்" என்று ஆயிரம், இரண்டாயிரம் கட்டிவிடாதீர்கள். வாங்காத கடனை ஒப்புக்கொண்டதாக அதைத் திருப்பிவிடுவார்கள்.

கைரேகையைப் பூட்டி வைக்க ஆதார் ஆணையத்தின் ஆப்பில் வசதி உண்டு, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். சந்தேகத்துக்கு 1947. சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊரில் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். வங்கிக் கணக்கு இன்னும் அந்த நம்பரில் இருந்தால் உங்கள் ஓடிபி அவர் கையில். இன்றே மாற்றுங்கள்.

இதுவரை வெளியே உள்ள திருடனைப் பற்றிப் பேசினேன். இனி வீட்டுக்குள். கோபப்படாதீர்கள்.

வில்லியனூரிலும் பாகூரிலும் குழுக் கடன் எப்படி ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். தன் பெயரில் இனிக் கிடைக்காது என்றதும் நாத்தனாரின் ஆதாரை, மாமியாரின் ஆதாரைக் கேட்பது. "கையெழுத்து மட்டும் போடு, நான் கட்டிக்கிறேன்." வட்டி ஹராம் என்பது ஒரு பக்கம். அடுத்தவர் பெயரில் அதை ஏற்றுவது இன்னொரு அநியாயம். தெரிந்தே கையெழுத்துப் போட்டால் சகோதரியே, அந்தக் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும். முன்பு சொன்ன சகோதரரைப் போல "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282-வது வசனம், தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல, கடனை எழுதுவதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவர் வாசகம் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறியதோ பெரியதோ எழுதச் சலிக்கக் கூடாது. கடன்பட்டவர் ஒருவர், பெயர் வேறொருவர் என்ற ஏற்பாட்டுக்கு அதில் எங்கே இடம்? வாலிபர்கள் சிலர் கமிஷனுக்காக வங்கிக் கணக்கையே வாடகைக்கு விடுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். போலீஸ் வீட்டுக்கு வரும்போது வாப்பா உம்மாவுக்குத்தான் அவமானம்.

கடைசியாக எங்கள் தவறு. ரமலானில் உதவி கேட்டு வந்தவர்களிடம் நம் பள்ளிவாசலில் ஆதார் ஜெராக்ஸ் வாங்கினோம். பல வருட நகல்கள் ஆபீஸ் அலமாரியில் பூட்டில்லாமல் கிடந்தன. ஒரு வருடம் பட்டியலைப் போட்டோ எடுத்து ஜமாஅத் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார்கள், ஆதார் எண்ணோடு. நானும் அந்தக் குரூப்பில் இருந்தேன், பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக. ஏழைகள் நம்மை நம்பிக் கொடுத்தது அமானிதம். அன்னிஸாவின் 58-வது வசனத்தை மிம்பரில் எத்தனை முறை ஓதியிருப்பேன்! அந்த அலமாரி எனக்கு நினைவு வரவே இல்லை.

முத்தவல்லியிடமும் நிர்வாகிகளிடமும் பேசிவிட்டோம். பழைய நகல்களை இந்த வாரம் கிழித்து எரிக்கிறோம். இனி உதவிக்கு வருபவரிடம் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். நகல் கட்டாயம் வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரே போதும், அதையும் ஆணையத்தின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். யாருடைய பெயராவது அந்தக் குரூப்பில் வந்திருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். அவர்களிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தொழுகை முடிந்ததும் மதரஸாவில் நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் லேப்டாப்போடு இருப்பார்கள். கடன் அறிக்கையை எடுத்துக் காட்டுவார்கள், விரல் ரேகையைப் பூட்டித் தருவார்கள். பெண்களுக்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஆலிமா முன்னிலையில். செல்போனும் பான் அட்டையும் எடுத்து வாருங்கள். பான் இல்லாதவர்கள் வாக்காளர் அட்டை கொண்டு வரலாம். ஓடிபி வந்தால் நீங்களே டைப் செய்யுங்கள், பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதீர்கள். ஜெராக்ஸ் எதுவும் வேண்டாம்.

யா அல்லாஹ்! கடனின் பாரத்திலிருந்தும், மனிதர்களின் மோசடியிலிருந்தும் எங்களையும் எங்கள் குடும்பத்தாரையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.