சேமிப்பும் பற்றின்மையும்

நாளைக்கென்று பொருள் சேர்ப்பது பற்றின் அடையாளமா? துறவிக்கு அவ்வாறே ஆகலாம். ஆனால், அன்றாடம் உழைத்து உண்பவருக்கும் அதே அளவுகோல் பொருந்துமா?

2001-ஆம் ஆண்டில் டில்லியில், ‘பட்டர்ஃப்ளைஸ்’ என்னும் தொண்டு நிறுவனம் தெருவில் வாழ்ந்து உழைக்கும் சிறுவர்களுக்காக ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கியது. பழைய டில்லி ஃபதேபுரியிலுள்ள இரவுக் காப்பகத்திலும் அது இயங்கியது. சிறுவர்களே தங்களுக்குள் ஒருவரை மேலாளராகத் தேர்ந்தெடுத்து, கணக்கெழுதி, பணத்தைக் காத்தனர்.

நடைபாதையில் உறங்குபவனுக்குச் சட்டைப்பையிலுள்ள காசு பாதுகாப்பானதன்று. திருடு போகுமுன் செலவழித்துவிடவே அவன் மனம் விரையும். அவன் கையில் பொருள் தங்காதது பற்றின்மையால் அன்று, அச்சத்தால். நாள்தோறும் சேரும் ஐந்தோ பத்தோ ரூபாய் அவ்வச்சத்தைத் தணிக்கிறது. நோயுற்ற நாளில் பிறர் முன் கையேந்தாமல் அவனைக் காக்கிறது.

எனினும், சேமிப்பு பேராசையாக மாறுவது எப்போது? அளவும் நோக்கமும் மறக்கப்படும்போது. இடருக்கென ஒதுக்கிய பொருளை, இடர் வந்தபின்னும் எடுக்க மனம் கூசினால், அங்கே காவலன் கைதியாகிவிட்டான். அண்டை வீட்டார் துயருறும்போதும் திறவாத பெட்டி அத்தகையதே.

ஆகவே, சேர்க்கும் கையைக் கொண்டு மட்டும் பற்றை அளக்கலாகாது. தேவை வந்தபோது அக்கை தயங்காமல் விரிகிறதா என்பதே உண்மையான சோதனை.