ஷிப்ட் உங்கள் பொறுப்பு

அமெரிக்காவின் இத்தாக்கா நகரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922-இல் ஓட்டல் நிர்வாகப் படிப்பு தொடங்கியது. 1926-இல் பேராசிரியர் ஹோவர்டு மீக்கின் மாணவர்கள் ‘ஒருநாள் ஓட்டல்’ ஒன்றைத் தாங்களே நடத்தினார்கள். இந்தத் தொழிலுக்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு என்று நினைத்திருந்த ஓட்டல் அதிபர் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர், மாணவர்கள் ஓட்டல் நடத்தும் அழகை நேரில் பார்த்து மனம் மாறினார். பின்னாளில் அவருடைய அறக்கட்டளையின் நிதியில், 1950-இல் வளாகத்துக்குள்ளேயே பயிற்சி ஓட்டல் எழுந்தது.

படுக்கை விரிக்க எந்தப் பயிற்சிக்கூடத்திலும் கற்றுத்தரலாம். காசு கொடுத்துத் தங்க வந்தவர், அறை இன்னும் தயாராகவில்லை என்று ரிசப்ஷனில் குரல் உயர்த்தும் நேரத்தை அங்கே உண்டாக்க முடியாது; அதற்கு உண்மையான விருந்தினர் வரும் இப்படி ஒரு பயிற்சி ஓட்டல் வேண்டும். ஷிப்டுக்குப் பொறுப்பேற்ற மாணவி விருந்தினரை உட்காரவைத்துக் காபி கொடுக்க வேண்டும், ஹவுஸ்கீப்பிங்கை விசாரிக்க வேண்டும், தன் வகுப்புத் தோழனையே வேலை வாங்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் மிகக் கடினம். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனிடம், ‘அந்த அறையை மறுபடி துடை’ என்று அவன் முகம் வாடாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

வழிகாட்டும் ஆசிரியர் அப்போது கூப்பிடும் தூரத்தில் நிற்கட்டும். விருந்தினர் கண்ணில் மட்டும் பட வேண்டாம். பட்டால் பேச்சு அவர் பக்கம் திரும்பிவிடும். பிழையை எல்லோர் முன்னும் திருத்தாமல், ஷிப்ட் முடிந்தபின் தனியே உட்கார்ந்து ‘அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்?’ என்று கேட்கும் ஆசிரியரை மனதாரப் போற்றுகிறேன். மறுநாளும் அதே மாணவியையே ரிசப்ஷனில் நிறுத்துபவரை இன்னும் அதிகமாக.