யார் கணக்கில் எழுதுவது?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கையை விட்டுப் போகிற பணத்தைச் செலவா, கடனா, முதலீடா என்று ஏதாவது ஒரு தலைப்பில் எழுதாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. சரி, கஷ்டப்படுகிற வீட்டுப் பெண் ஒருத்திக்கு நீங்கள் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறீர்கள். அதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

அவசரப்பட்டு 'தர்மம்' என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு முஸ்லிம் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இல்லை. அம்மாவின் தையல் மெஷினில்தான் வீடு ஓடுகிறது. பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க். ராஜபாளையத்தில் கல்லூரி. இரண்டாவது வருஷம் உங்களிடம் வந்து நிற்கிறாள். "சார், நிக்காஹ் பேசியிருக்காங்க. எனக்கும் சம்மதம்தான். படிப்பை அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கேன்."

உங்கள் வாயில் முதலில் என்ன வரும்? "இதுக்காம்மா நான் பணம் கட்டினேன்?" என்று வந்தால், நீங்கள் செய்தது தர்மம் இல்லை. முதலீடு. லாபம் வரவில்லை என்று கோபப்படுகிறீர்கள், அவ்வளவுதான்.

இந்தப் புத்தி எதுவரை போகும் என்பதற்கு ஓர் உதாரணம், தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் இருந்த 'சுமங்கலி திட்டம்'. ஏழை வீட்டுப் பெண்ணை ஹாஸ்டலில் தங்கவைத்து மூன்று வருஷம் வேலை வாங்குவார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கென்று முப்பதாயிரம், ஐம்பதாயிரம் மொத்தமாகக் கிடைக்கும். நடுவில் கிளம்பினால் அந்தத் தொகை போச்சு. இதையும் 'உதவி' என்றுதான் சொன்னார்கள். நாம் ஃபீஸ் கட்டிவிட்டு, "நான் சொல்ற கோர்ஸைப் படி, நான் சொல்ற வரைக்கும் படி" என்றால், அளவில் சின்னது என்றாலும் அதுவும் அதே ஜாதிதான்.

அப்படியானால் செக்கை எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாமா? அதுவும் சரியில்லை. பணம் கட்டினவருக்குக் கோபம் வருகிற இடத்தில், கூட நிற்கிறவர் கேள்வி கேட்பார். "இது உன் விருப்பமா, வீட்டு விருப்பமா? மாப்பிள்ளை வீட்டில் படிக்க விடுவாங்களா? ஜமாத்தில் யாரையாவது வெச்சுப் பேசலாமா? அஞ்சல் வழியில் முடிக்கலாமா?" இத்தனையும் கேட்ட பிறகும் அவள் சொல்வதுதான் முடிவு. இந்த வேலைக்கு ரசீது கிடையாது.

பணம் எவ்வளவு தூரத்திலிருந்தும் வரலாம். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி 1895-ல் தொடங்கியது. அந்தப் பெயருக்கு உரிய சாரா டக்கர், 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்தபடியே திருநெல்வேலிச் சீமைப் பெண்களின் படிப்புக்குப் பணம் திரட்டியவர். ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்போது அந்த ஜில்லாதான். அவர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் இருந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க, வீடு தேடிப் போய்ப் பெற்றோரிடம் பேச, உள்ளூரில் ஆள் வேண்டியிருந்தது.

மிஷன் பணத்துக்கு மத நோக்கமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் இன்றைக்கும் சிறுபான்மைக் குடும்பத்துக்கு வெளி ஆள் உதவ வந்தால், "பதிலுக்கு எதைக் கேட்பாரோ?" என்று அந்த அம்மா யோசிக்கிறார். அது நன்றிகெட்டதனம் இல்லை, அனுபவம். "பர்தாவை எடுத்துடு" என்று வெளியார் கேட்டாலும் சரி, "பர்தா போட்டால்தான் பணம்" என்று சொந்த ஜனமே கேட்டாலும் சரி, பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அரசாங்கம்கூட இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திட்டம், எட்டாவது படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் தந்தது. படிக்கவைக்கக் கல்யாணத்தைக் காட்ட வேண்டியிருந்த காலம். 2022 செப்டம்பரில் அது 'புதுமைப் பெண்' ஆனது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அதுவும் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே.

கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அவளுடைய கணக்கில். நீங்கள் கட்டுகிற ஃபீஸ் உங்கள் பேரேட்டில் வெறும் செலவு. அவள் பேரேட்டில் அது மூலதனம். மூலதனத்தை எதில் போடுவது என்று முடிவு செய்கிற உரிமை முதலாளிக்கு. இங்கே முதலாளி அவள்.

வருகிற ஜூனில் யாருக்காவது ஃபீஸ் கட்டப் போகிறீர்களா? கட்டுங்கள். ஆனால் கையோடு உங்கள் போன் நம்பரையும் கொடுங்கள். அவள் எந்த முடிவோடு கூப்பிட்டாலும், எடுத்துப் பேசுங்கள்.