பறிக்காமல் சாத்திய மாலை

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இன்று பெங்களூரு நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே, பேருந்தில் உட்கார்ந்து போனாலே உடம்பு அலுத்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த வழியில் ஒரு மனிதர் பூக்கூடையோடு நடந்தார். பூந்தமல்லியில் வணிகர் குலத்தில் பிறந்தவர். தம் பங்குக்கு வந்த செல்வத்தை வியாபாரத்தில் போடாமல் நந்தவனத்தில் போட்டவர். பறித்ததையும் தொடுத்ததையும் சுமந்துபோய் காஞ்சிப் பெருமாளான அத்திகிரி வரதனின் திருத்தோளில் சாத்திய பிறகுதான் அவருக்குப் பிறவி எடுத்த பயன் கிடைத்த மாதிரி. திருக்கச்சி நம்பி என்ற அந்தப் பெயரைச் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்தப் பாதையின் நடுவில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். 1017-ல் அங்கே பிறந்த இளையாழ்வார், தெரு வழியே போகும் நம்பியின் முகத்தில் இருந்த ஒளியைக் கண்டு மயங்கி, வீட்டுக்கு அழைத்து உபசரித்தார் என்று குருபரம்பரை சொல்லும். பின்னாளில் இராமாநுசராக உலகம் வணங்கிய அவர், தம் மனத்தில் கிடந்த ஐயங்களை வரதனிடம் கேட்டுச் சொல்லும்படி வேண்டிக்கொண்டதும் இந்த நம்பியைத்தான். ஆலவட்டம் வீசிக்கொண்டிருந்த நம்பியிடம் பெருமாள் ஆறு வார்த்தைகளில் விடை சொல்லியனுப்பினார். பூச்சுமந்த அடியவரிடம் பெருமாள் வாய் திறந்து பேசினார் என்றால், அந்த அடியவரைப் பெற்ற மண் எங்கள் மண். சென்னையின் மேற்கே, கம்பெனிகளும் கண்டெய்னர் லாரிகளுமாகக் கிடக்கும் இந்தப் பக்கத்தைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் நான் இதைத்தான் சொல்வேன்.

நாங்கள் அம்பத்தூர்க்காரர்கள். கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது. மொட்டை மாடியில் பழைய பெயின்ட் டப்பாக்களில் நந்தியாவட்டை, செம்பருத்தி, துளசி, இரண்டு மல்லிச் செடிகள் வளர்க்கிறார். விடியற்காலையில் குளித்துவிட்டு மாடி ஏறிப் பறித்துவந்து, பூஜை அறையில் வைத்துவிட்டுத்தான் காபி. முழங்கால் வலி வந்த பிறகு கோயிலுக்குப் போவது குறைந்துபோனது. மாடி ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

அவரைச் செம்மொழிப் பூங்கா மலர்க் காட்சிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் என் மகள். 2025 ஜனவரி. ஊட்டியில் அரசு தாவரவியல் பூங்காவில் 1896-லேயே மலர்க் காட்சி தொடங்கிவிட்டது. நம் சென்னைக்கு அது வந்து சேர 2022 ஜூன் ஆகிவிட்டது. முதலில் கலைவாணர் அரங்கத்தில் வைத்தார்கள், பிறகு செம்மொழிப் பூங்காவுக்கு இடம் மாறியது. முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் 2010-ல் திறந்த பூங்கா அது. அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோ, பிறகு ஆட்டோ. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மெள்ள மெள்ளப் போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே நுழைந்ததும் அத்தை நின்றுவிட்டார்.

என்ன நிறங்கள்! பெட்டூனியா ஊதாவாக, வெள்ளையாக, இளஞ்சிவப்பாகத் தரையெல்லாம் பரவிக் கிடக்கிறது. சால்வியாவின் சிவப்பு எரிகிறது. சாமந்தியின் மஞ்சள் வெயிலையே மஞ்சளாக்குகிறது. பெயர் தெரியாத மலைப்பிரதேசப் பூக்கள், ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் முகம். கூட்டமான கூட்டம். எல்லோர் கையிலும் செல்போன். பாத்திக்குப் பாத்தி நின்று படம் எடுக்கிறார்கள், குனிந்து முகர்ந்து பார்க்கிறார்கள், "வாசனையே இல்லப்பா" என்று சிரித்துக்கொண்டு நகர்கிறார்கள். என் மகளும் அப்படித்தான் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே ஓடினாள்.

அத்தை ஒரு பூவைக்கூட முகரவில்லை. ரோஜாத் தொட்டிகள் பக்கம் போனபோது, "குனிஞ்சு பாருங்க அத்தை, இது வாசனையா இருக்கு" என்றேன். தலையை மட்டும் அசைத்தார். முந்தானையை இழுத்து வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தேன். ஒரு பாத்தி முன் நிற்பார், கண்ணை மூடுவார், உதடு அசையும், அடுத்த பாத்திக்குப் போவார். மறுபடி நிற்பார். கால் வலிக்கிறதா என்று கணவர் கேட்டார். "கொஞ்சம் இருப்பா, இன்னும் பாதி பாக்கி இருக்கு" என்றார். எதில் பாதி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். முகம் முழுக்க வியர்வை, கண்ணில் நீர். என் மகள் பயந்துபோய், "என்ன பாட்டி, என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலடி கண்ணு. எல்லாத்தையும் சாத்தியாச்சு."

"எதை?"

"இங்க இருக்கற பூ அத்தனையும். வரதனுக்குக் கழுத்து கொள்ளல. மிச்சத்தைத் தாயாருக்குச் சாத்தினேன். அப்புறம் மாசிலாமணிக்கு, கொடியிடைக்கு. கருமாரிக்கு அந்தச் செவப்புப் பூ."

"பறிக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கே பாட்டி!"

"யாரு பறிச்சா? திருநின்றவூர்ல ஒருத்தர் கல்லே வாங்காம கோயில் கட்டலையா? அந்த மாதிரிதான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. சுவாமிக்குப் போகிற பூவை முகரக் கூடாது. திருவாரூரில் பூமண்டபத்தில் விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்தாள் என்பதற்காகப் பல்லவ அரசியின் மூக்கையே அரிந்தார் செருத்துணை நாயனார். அந்தப் பூவை எடுத்த கையை அல்லவா முதலில் வெட்டியிருக்க வேண்டும் என்று அவள் கையைத் துண்டித்தார் அவள் கணவரான கழற்சிங்கர். கேட்கக் கூசும் கதை. அந்தக் கூச்சத்தைத் தாண்டி அதன் உள்ளே ஓடுவது எது என்று அன்று அத்தையின் முகத்தில் பார்த்தேன். வாசல் தாண்டி உள்ளே வந்த கணத்திலேயே அந்தப் பூங்கா முழுவதையும் அவர் சுவாமிக்கு என்று ஒதுக்கிவிட்டார். அதன் பிறகு அந்த வாசனையில் தமக்குப் பங்கு வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

அவர் சொன்ன திருநின்றவூர்க்காரர் பூசலார். எங்கள் ரயில் பாதையில் ஆவடியைத் தாண்டி இருக்கிற ஊர். சிவனுக்குக் கோயில் கட்டக் கையில் பொருள் இல்லாதவர், மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சரை அழைத்து, அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, கிணறு தோண்டி, மதில் வளைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் தன் கோயிலுக்கும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் வந்து, நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்துக்கு நாளை நாம் போகிறோம், உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்றார். மன்னன் திருநின்றவூருக்கு ஓடிவந்து தேடினான். கோயில் எதுவும் இல்லை. பூசலாரைக் கண்டு விழுந்து வணங்கினான். பெரிய புராணம் சொல்லும் இந்தக் கதையை நான் பள்ளி நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலில் பூசலாரைச் சேவித்தும் இருக்கிறேன். ஆனால் மனத்தால் கட்டுவது என்றால் எத்தனை உழைப்பு என்பதை, ஒரு பாத்தியும் விடாமல் நின்று நின்று சாத்திக் களைத்துப்போன அத்தையைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். உடம்பு உழைத்தால் வருகிற வியர்வை அவர் நெற்றியில் இருந்தது.

வீடு திரும்பும் ரயிலில் மகள் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். கொடியிடை யார், மாசிலாமணி யார். அம்மனும் சுவாமியுமாக அவர்கள் இருக்கும் திருமுல்லைவாயிலின் கதையை அத்தை சொன்னார். அம்பத்தூருக்கு அடுத்த நிலையம்தான் அது. ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களோடு போரிடப் போன தொண்டைமானின் யானைக்காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. யானைமேல் இருந்தபடியே வாளால் கொடியை வெட்டினான் மன்னன். குருதி பெருகியது. கொடிக்குள்ளே சிவலிங்கம். பதறி இறங்கித் தன் தலையையே கொய்துகொள்ள வாளை ஓங்கினவனை இறைவன் தடுத்து ஆட்கொண்டார், துணைக்கு நந்தியையும் அனுப்பினார். அதனால்தான் அங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி, புறப்படத் தயாராக இருக்கிறது. பகைவரிடமிருந்து கொண்டுவந்த வெள்ளெருக்கந் தூண்கள் இரண்டும் கருவறை முன் நிற்கின்றன. வெட்டுப்பட்ட திருமேனிக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான் அதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள்.

"அப்போ முல்லைப் பூவுக்குள்ள சாமி முதல்லயே இருந்தாரா பாட்டி?" என்று கேட்டாள் குழந்தை.

அத்தை பதில் சொல்லாமல் அவள் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கொரட்டூர் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை, கால் வலியைப் பொருட்படுத்தாமல், பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்றார் அத்தை. மனத்தால் சாத்தினதைப் பெருமாள் வாங்கிக்கொண்டாரா என்று போய்ப் பார்க்க வேண்டுமாம். போனோம். அங்கே தாயாருக்குத் திருநாமமே புஷ்பவல்லி. காஞ்சி வரதன், திருவரங்கன், திருவேங்கடவன் என்று மூவரையும் ஒரே கோயிலில் சேவிக்கலாம். முதுமையில் நடக்க இயலாமல் போன நம்பிக்காகக் காஞ்சி வரதனே இவ்வூருக்கு எழுந்தருளினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் செய்தி. பூக்கொண்டு போனவருக்கு நடை ஓய்ந்தபோது, பூச்சூடியவன் நடந்து வந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறும் அத்தையின் பின்னால் நின்று அதை நினைத்தபோது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

சந்நிதியில் திரை விலகியது. தீபாராதனை. பெருமாளின் மேல் துளசியும் சாமந்தியும் கலந்த ஒரே ஒரு மாலை. எளிய மாலைதான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு மாலைக்குள் பெட்டூனியாவின் ஊதா தெரிந்தது. சால்வியா சிவந்தது. பெயர் தெரியாத அந்த மலைப்பூக்கள் எல்லாம் திருமார்பில் அடுக்கடுக்காக வந்து நின்றன. கழுத்து கொள்ளவில்லை என்று அத்தை சொன்னாரே, உண்மையிலேயே கொள்ளவில்லை! தோள் வழிந்து, திருவடி வழிந்து, கருவறை நிறைந்து, படி தாண்டி எங்கள் காலடி வரை பூ. கற்பூர ஒளி நிலைத்திருந்த அந்தச் சிறு பொழுதில் நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. வரதா, வரதா என்று கூவியது நான்தான் என்று பிறகு கணவர் சொல்லித்தான் தெரியும். பட்டர் சடாரி வைத்தபோது தலை தானாகக் குனிந்தது. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார், வாங்கிக்கொண்டார் என்று தெரிந்துகொண்டவரின் சிரிப்பு.

நம்பி சந்நிதியில் துளசி கொடுத்தார்கள். அதை அத்தை கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்போதுதான் முகர்ந்தார். பிரசாதமாக வந்துவிட்ட பிறகு முகரலாம் அல்லவா. நெஞ்சு நிறைய இழுத்து முகர்ந்து, பேத்தியிடம் நீட்டினார்.

இராமாநுசர் தம் இல்லத்துக்கு நம்பியை அமுதுண்ண அழைத்து, அவர் உண்ட மிச்சத்தைத் தாம் பிரசாதமாகக் கொள்ள ஏங்கினார். குலத்தைப் பார்த்து வீட்டில் அதற்கு இடம் கிடைக்காமல் போனது அவருக்கு ஆறாத வருத்தம். அப்படிப்பட்ட மகாசாரியார் ஏங்கிய பிரசாதத்தின் பெருமை, அம்பத்தூரிலிருந்து 15 ரூபாய் பூவோடு போகிற எங்களுக்கு இப்படி உள்ளங்கையில் கிடைக்கிறதே என்று நினைக்க நினைக்க மனம் உருகுகிறது.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அடுத்த மலர்க் காட்சிக்கு அவர்களை அழைத்துப் போங்கள். அவசரப்படுத்தாமல், அவர்கள் நிற்கிற பாத்தியில் நிற்க விடுங்கள். பூந்தமல்லி கோயிலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். திருக்கச்சி நம்பியின் திருநட்சத்திரம் மாசி மாதம் மிருகசீரிடம். அன்று உங்கள் வீட்டுத் தொட்டியில் பூத்தது ஒரே ஒரு நந்தியாவட்டையாக இருந்தாலும், முகராமல் எடுத்து வாருங்கள்.